மேபல் ஓடையைக் கடக்க மறுத்த மதியம்

மேபல் நின்றுவிட்டாள்.
முழங்கால் அளவுத் தண்ணீர்தான்.
போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும்
யோசிக்காமல் கடந்த அதே ஓடை.
இந்த அக்டோபரில் மட்டும்
நடுவே விழுந்து கிடக்கும் வெள்ளைப் பட்டைக் கிளையில்
அவளுக்கு ஏதோ தெரிகிறது.

ஆர்லீஸ் குதிகாலால் லேசாகத் தொட்டாள்.
குதிரையின் காதுகள் முன்னே குவிந்தன, அவ்வளவுதான்.
கடிவாளத்தைத் தளர்த்தினாள். கெஞ்சினாள்.
அப்புறம், கல்யாணத்துக்குள் மட்டுமே புழங்கிவந்த
வசைச்சொல் ஒன்றை
மலை கேட்க எடுத்து விட்டாள்.
மேபல் சாணி போட்டாள்.

நான் ஏற்கெனவே அக்கரையில்.
என் டீக்கன் எதையும் யோசிக்கிற ரகமில்லை.
அவன் பின்னால் கயிற்றில் போஸ்ட்மாஸ்டர்,
கூடாரங்களும் பீன்ஸ் டப்பாக்களும் சுமந்த
கோவேறு கழுதை,
முகவரி தெரியாத கடிதத்தைப் பார்ப்பதுபோல்
எதிர்க்கரையைப் பார்த்து நிற்கிறது.
நாய் டோஸ்ட்
இக்கரைக்கும் அக்கரைக்கும் நான்கு நடை போய்வந்து
ஒவ்வொரு நடைக்கும் யார் மேலாவது உதறினான்.

சொல்ல மறந்தேன்.
ஆர்லீஸ் என் அண்ணன் மனைவி,
போன மார்ச் வரை.
மிசோலாவில் ஒரு நீதிமன்ற மேஜைமேல்
பட்டியல் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள்.
படகு அவனுக்கு. குதிரை அவளுக்கு.
கொட்டகை ஏணிகூட மூன்றாம் பக்கத்தில் இருந்தது.
நாயை எழுத விட்டுப்போயிற்று.
என்னையும்.

டோஸ்ட் அன்றைக்கே அவள் வண்டியில் ஏறிக்கொண்டான்.
எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.
செப்டம்பரில் போன் போட்டு
"இந்த வருஷமும் போறோமா?" என்றேன்.
அந்தப் பக்கம்
லாடத்தில் ஆணி இறங்கும் சத்தம், ஒன்று, இரண்டு,
மூன்றாவதற்கு முன்னால்
"உன் ஸ்லீப்பிங் பேகைத் துவைச்சியா" என்றாள்.

ஒரு மணி நேரம் போராடிவிட்டு
இறங்கிப் பாறையில் உட்கார்ந்தாள்.
அவள் அங்கே, நான் இங்கே,
நடுவில் தண்ணீர் பேசிக்கொண்டிருக்க
ஆளுக்கொரு சாண்ட்விச்.
நான் எறிந்த ஆப்பிள் எட்டவில்லை,
பள்ளத்தாக்கை நோக்கிப் போயிற்று.
லார்ச் மரங்கள் மஞ்சள் ஊசிகளை உதிர்த்துக்கொண்டிருந்தன.
டோஸ்ட் என் சேணப்பையில் தலைவைத்துத் தூங்கிப்போனான்.

அப்போதுதான்,
யாரும் கேட்காதபோது,
மேபல் ஓடையில் இறங்கினாள்.
கிளையை முகர்ந்தாள். நிதானமாகக் குடித்தாள்.
கடிவாளம் தண்ணீரில் இழுபட
வெறும் சேணத்தோடு ஏறி வந்து
டீக்கன் பக்கத்தில் நின்று
ஒரு பெருமூச்சு விட்டாள்.
இப்போது அக்கரையில் ஆர்லீஸ் மட்டும்.

பூட்ஸ் நிறையத் தண்ணீரோடு வந்து சேர்ந்தாள்.
நான் சிரிக்கவில்லை.
அவள் சிரித்த பிறகுதான் சிரித்தேன்.

இரவு, இரு மரங்களுக்கிடையே உயரக் கயிறு கட்டி
மிருகங்களை அதில் பிணைத்தோம்.
கரடிக்கு எட்டாத கொம்பில் உணவுப்பையை ஏற்றினோம்.
நெருப்போரம் அவள் சாக்ஸ் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
அண்ணனைப் பற்றி அவள் கேட்கவில்லை.
படகை விற்கப்போகிறான் என்று நானும் சொல்லவில்லை.
குளம்புகள் கூழாங்கல்லில் இடம் மாறுவதைக்
கேட்டுக்கொண்டிருந்தோம்.

டோஸ்ட் வருவான் என்று
என் கூடார ஜிப்பை ஒரு சாண் திறந்தே வைத்தேன்.
பற்கள் தந்தியடித்தன.
விடியலில் பார்த்தால்
அவள் ஜிப்பும் ஒரு சாண் திறந்திருந்தது.

புல்வெளி முழுக்க உறைபனி.
மேபலின் வயிற்றுக்குக் கீழே மட்டும்
சுருண்ட நாயின் அளவில்
ஒரு பச்சைத் திட்டு,
தொட்டால் இன்னும் சூடு.

ஆர்லீஸ் சேணம் ஏற்றி வார் இறுக்கினாள்.
மேபல் வழக்கம்போல் வயிற்றை உப்பிக்கொண்டாள்.
"ஏமாத்துறா" என்றேன்.
"தெரியும்" என்றாள்.
காபி ஆறும் வரை காத்திருந்து
குதிரை மூச்சை விட்டதும்
இன்னொரு துளை இறுக்கினாள்.